லிப்ரே ஆஃபிஸ் கையேடுகளுக்கு எழுதப் போகிறீர்களா? முதல் அத்தியாயம் வரை ஒரு வழிகாட்டி

கட்டற்ற மென்பொருளுக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் நிரல் எழுதத் தெரியாது என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். "அப்படியென்றால் டாக்குமென்டேஷன் எழுதுங்களேன்" என்று யாராவது பதில் சொல்வார்கள். அதற்கு எங்கே போய்க் கேட்பது, எந்தக் கோப்பில் கை வைப்பது, உரிமம் என்ன, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் அந்தப் பதிலில் இருக்காது. நான் உள்ளே போனபோது ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. நீங்களும் அப்படித் தேடி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாகச் சொன்னால் எதற்கும் பயன்படாது. அதனால் லிப்ரே ஆஃபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்ட தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை நடத்தும் திட்டம் இது. இதன் கையேடுகள் இதிலுள்ள எழுத்துச் செயலியான ரைட்டரிலேயே எழுதப்படுகின்றன. கட்டளை வரி, கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் நிரலாளர் கருவி) எதுவும் தெரியாமலே உள்ளே வந்துவிடலாம். புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எழுத்து பாதிதான். எழுதியிருப்பது திரையில் அப்படியே நடக்கிறதா என்று உட்கார்ந்து செய்து பார்ப்பதுதான் மீதிப் பாதி. அதற்குப் பொறுமை இருந்தால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை.

1. எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

"டாக்குமென்டேஷன்" என்ற பெயரில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, கையேடுகள். கெட்டிங் ஸ்டார்ட்டட், ரைட்டர், கால்க் (விரிதாள்), இம்ப்ரெஸ் (படக்காட்சி), டிரா (வரைதல்), பேஸ் (தரவுத்தளம்), மேத் (சூத்திரங்கள்) என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வேலை நடக்கும்.

இரண்டாவது, மென்பொருளுக்குள் எஃப் 1 அழுத்தினால் வரும் உதவிப் பக்கங்கள். இவை எக்ஸ்எம்எல் வகைக் கோப்புகள். மாற்றங்கள் கெரிட் என்ற சரிபார்ப்புத் தளம் வழியாகப் போகும். கிட் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவரும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. இடைமுகச் சொற்களும் உதவிப் பக்கங்களும் வெப்லேட் தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. தமிழில் செய்ய விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது. மூன்றிலும் ஒரே நேரத்தில் கால் வைக்காதீர்கள். மூன்றுக்கும் கருவிகள் வேறு, உரிமமும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல, ஒன்றையும் முடிக்க முடியாது.

2. ஆவணங்கள்: உரிமமும் வேலை ஒப்பந்தமும்

அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ், பரிந்துரைக் கடிதம் எதுவும் வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டிய காகிதங்கள் வேறு.

கையேடுகள் இரட்டை உரிமத்தில் வெளியாகின்றன. குனூ பொது உரிமம் 3 அல்லது அதற்குப் பிந்தையது ஒன்று, கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் (எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்) 4.0 அல்லது அதற்குப் பிந்தையது இன்னொன்று. வாசகர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதாவது நீங்கள் எழுதியதை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். பிறகு மனம் மாறி "என் பகுதியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. இதற்குச் சம்மதம் என்றால் மேலே போங்கள். ஏதாவது ஒரு கையேட்டின் தொடக்கத்தில் உள்ள பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பங்களித்தவர்களின் பெயர்களும் அங்கேதான் வரும்.

உதவிப் பக்கங்களில் கை வைப்பதாக இருந்தால் வேறு நடைமுறை. உங்கள் பங்களிப்புகள் அனைத்தும் எம்பிஎல் 2 (மோசில்லா பொது உரிமம்), எல்ஜிபிஎல் 3 (குனூ லெஸ்ஸர் பொது உரிமம்) உரிமங்களில் வெளியாகலாம் என்று ஒரு வரி அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒருமுறை அனுப்பினால் போதும். ஆனால் அது பொது ஆவணக் காப்பகத்தில் உங்கள் பெயரோடு நிரந்தரமாக இருக்கும். அதனால் இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. அலுவலக முகவரியிலிருந்து மட்டும் அனுப்பாதீர்கள்.

அலுவலகம் என்றதும் இன்னொன்று. மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் உங்கள் நியமன ஒப்பந்தத்தை எடுத்து அறிவுசார் சொத்து பற்றிய பிரிவைப் படியுங்கள். பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். வீட்டில், சொந்தக் கணினியில், ஞாயிற்றுக்கிழமை எழுதினாலும் அந்த வாசகத்துக்குள் அது வந்துவிடலாம். உங்களுக்குச் சொந்தமில்லாத எழுத்துக்கு நீங்கள் உரிமம் கொடுக்க முடியாது. மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள்: இந்தத் திட்டத்துக்கு, ஊதியமில்லாமல், சொந்த நேரத்தில், பயனர் கையேடு எழுதுகிறேன், நிறுவனத்தின் வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆட்சேபணை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டுகிறேன். பதில் வந்ததும் அதைப் பத்திரமாக வையுங்கள். வாய்ச் சொல்லை நம்பித் தொடங்காதீர்கள். அந்த மேலாளர் நாளைக்கு வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

3. செலவு

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. மென்பொருள் இலவசம், கணக்கு தொடங்குவது இலவசம். டேட்டாவைக் கணக்கில் வையுங்கள். விண்டோஸ் நிறுவல் கோப்பு முந்நூறு எம்பிக்கு மேல் இருக்கும். வெளியீட்டுக்கு முந்தைய பதிப்புகளையும் இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவர்கள் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

தன்னார்வலராகச் சேர யாராவது பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நேரடியாகத் திட்டத்தில் சேர எந்தக் கட்டணமும் கிடையாது.

வருமானமும் இல்லை. ஊதியம் தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் அவுட்ரீச்சி போன்ற பயிற்சித் திட்டங்களைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு 7000 டாலர் உதவித்தொகை. கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் ஆவண வேலைக்கும் அதில் இடம் உண்டு. விண்ணப்பக் காலமும் தகுதி விதிகளும் தனி.

4. கணினியைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு எழுதத் தொடங்கினால் பின்னால் எல்லாப் படங்களையும் மறுபடி எடுக்க நேரும்.

லிப்ரே ஆஃபிஸின் இடைமுகத்தை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். தமிழ் இடைமுகத்தில் வேலை செய்து பழகியவர்களுக்கு முதலில் கை தடுமாறும். ஆனால் மூலக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. மெனுப் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸுக்குள் மொழிக்கான பகுதி இருக்கிறது. மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

அதே ஆப்ஷன்ஸில் யூசர் டேட்டா என்ற பக்கத்தில் உங்கள் பெயரை நிரப்புங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் ஒவ்வொரு குறிப்புரையும் இந்தப் பெயரோடுதான் பதிவாகும். காலியாக விட்டால் "அன்னோன் ஆதர்" என்று வரும். மூன்று பேர் ஒரே அத்தியாயத்தில் திருத்தம் போடும்போது பெயரில்லாத திருத்தங்களை யாரிடம் போய்க் கேட்பது?

அப்புறம், இடைமுகத் தோற்றம். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று இருக்கும். அதில் டேப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் வழக்கமான மெனு, கருவிப்பட்டை உள்ள தோற்றத்துக்குத் திரும்புங்கள். கையேடுகள் அதை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. பல வருடமாகப் பயன்படுத்தும் கணினியில் நீங்கள் மாற்றி வைத்த அமைப்புகள் மறந்தே போயிருக்கும். உங்களுக்கு வரும் திரை புதிய பயனருக்கு வராது. ஹெல்ப் மெனுவில் உள்ள ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட் வழியாகத் திறந்தால் தொழிற்சாலை அமைப்பில் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

5. எப்போது நுழைவது

லிப்ரே ஆஃபிஸின் பெரிய வெளியீடுகள் வருடத்துக்கு இரண்டு, பிப்ரவரியை ஒட்டி ஒன்று, ஆகஸ்ட்டை ஒட்டி ஒன்று. 2024 முதல் பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் சொல்கிறது. 24.2 என்றால் 2024 பிப்ரவரி, 24.8 என்றால் அதே ஆண்டு ஆகஸ்ட். ஏறத்தாழ டிசம்பரிலும் ஜூனிலும் பீட்டா எனப்படும் சோதனைப் பதிப்புகள் வரும். கையேடுகள் வெளியீட்டுக்குப் பின்னால்தான் ஒவ்வொன்றாகத் தயாராகும்.

என்னைக் கேட்டால் பீட்டா வந்த சமயம்தான் சேர மிக நல்ல நேரம். புதிதாக என்ன மாறியிருக்கிறது என்ற வெளியீட்டுக் குறிப்புகள் விக்கியில் நிரம்பத் தொடங்கியிருக்கும். பீட்டா, நிலையான பதிப்போடு மோதாமல் தனியாக நிறுவிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒப்பிடலாம். சேர வேறு மாதங்களில் தடையில்லை. ஒரு கையேடு வெளியாகும் தறுவாயில் போனால் எல்லோரும் கடைசிக்கட்டச் சரிபார்ப்பில் இருப்பார்கள், உங்களுக்குப் பதில் வரத் தாமதமாகலாம். அவ்வளவுதான்.

6. அறிமுகக் கடிதம்

ஆவணக் குழுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சிறிய கடிதம் எழுத வேண்டும். ஆர்வத்தைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது இவைதான்: பெயர், எந்த ஊர் அல்லது எந்த நேர மண்டலம், எந்த இயங்குதளம், லிப்ரே ஆஃபிஸின் எந்தப் பகுதியை அதிகம் பயன்படுத்துகிறீர்கள், வாரத்துக்கு எத்தனை மணிநேரம் ஒதுக்க முடியும். கடைசியாக ஒரு வரி: "ரைட்டர் கையேட்டில் ஏதாவது ஓர் அத்தியாயத்தைச் சரிபார்க்கத் தயார்."

அந்தக் கடைசி வரியைத் தவறாமல் சேருங்கள். "என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டால் உங்களுக்காக ஒருவர் உட்கார்ந்து வேலை தேட வேண்டும். வேலையை நீங்களே குறிப்பிட்டுக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். வாரத்துக்கு மூன்று மணிநேரம்தான் முடியும் என்றால் மூன்று என்றே சொல்லுங்கள். இருபது என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனால் அந்த அத்தியாயம் உங்கள் பெயரில் முடங்கிக் கிடக்கும், வேறு யாரும் தொட மாட்டார்கள்.

பதில் வந்ததும் திட்டத்தின் நெக்ஸ்ட்கிளவுட் சேமிப்பகத்துக்குக் கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அத்தியாயக் கோப்புகள் அங்கேதான் இருக்கும். பங்களிப்பாளர்களுக்கென்று தனிக் கையேடும், எழுத்து நடைக்கான விதிகளும், அத்தியாய வார்ப்புருவும் இருக்கின்றன. ஒரு மாலை ஒதுக்கி அவற்றைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

7. முதல் வேலை: எழுதாதீர்கள், செய்து பாருங்கள்

புதிய அத்தியாயம் எழுதுகிறேன் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். வேறொருவர் எழுதியதைச் சரிபார்க்க வாங்குங்கள். நடை, வார்ப்புரு, படத்தின் அளவு என்று எல்லாம் அதில் தானாகப் பழகிவிடும். அதோடு, சரிபார்க்க ஆள் கிடைப்பதுதான் இங்கே எப்போதும் கஷ்டம்.

எப்படிச் செய்வது என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பக்க எண் போடுவதை எடுத்துக்கொள்வோம். பழைய கையேடுகளில் முதலில் ஃபுட்டரை (பக்கத்தின் அடிப்பகுதி) இயக்கு, அதற்குள் கர்சரை வை, பிறகு பக்க எண் புலத்தைச் செருகு என்ற வரிசை இருக்கும். 2023 ஆகஸ்ட்டில் வந்த 7.6 பதிப்பில் இன்சர்ட் மெனுவிலேயே பேஜ் நம்பர் என்று ஒரு பெட்டி வந்துவிட்டது. மேலேயா கீழேயா, இடதா நடுவா வலதா என்று கேட்டுவிட்டு ஹெட்டரையோ ஃபுட்டரையோ அதுவே உருவாக்கி எண்ணையும் வைத்துவிடுகிறது. பழைய வழியும் இன்னும் வேலை செய்கிறது. அதனால் படித்துக்கொண்டே போகிறவர் கண்ணுக்கு அந்தப் பத்தியில் தப்பே தெரியாது. வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து, இன்சர்ட் மெனுவை இழுத்து, அங்கே எழுதியிருக்கும் வரிசைப்படி கையால் செய்தால்தான் "இதற்கு இப்போது ஒரே சொடுக்கு போதுமே" என்று தெரியும்.

இப்படி ஒவ்வோர் எண்ணிட்ட வழிமுறையையும் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு வெற்று ஆவணம், இன்னொரு பக்கம் அத்தியாயம். ஒரு படியைச் செய்தேன், அடுத்த படியில் சொல்லும் பொத்தான் கண்ணில் படவில்லை என்றால் அதுதான் பிழை. "எனக்குத்தான் தெரியவில்லையோ" என்று விட்டுவிடாதீர்கள். பத்து வருடமாக எழுதுகிறவர் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். அது எங்கே இருக்கிறது என்று எழுத மறந்திருப்பார். அந்த இடைவெளி புதியவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

திருத்தும் முன் எடிட் மெனுவில், திருத்தங்களைக் குறித்துவைக்கும் ட்ராக் சேஞ்சஸ் பதிவை இயக்குங்கள். உறுதியாகத் தெரிந்ததை நேரடியாகத் திருத்துங்கள். சந்தேகம் என்றால் குறிப்புரை போடுங்கள், அதில் இயங்குதளமும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். "விண்டோஸ் 11, 24.8.2, இந்தப் பெட்டியில் மிரர் என்ற தேர்வு வந்தது, படத்தில் இல்லை" என்று எழுதினால் அடுத்தவர் உடனே சரிபார்க்க முடியும். "சரியாக இல்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயன்படாது.

வார இறுதிகளில் மட்டும் உட்காருவதாக இருந்தால் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். படங்கள் நிறைந்த அத்தியாயம் என்றால் கூடுதலாகும்.

8. நீங்களே எழுதும்போது மாட்டக்கூடிய இடங்கள்

வடிவமைப்பு. தடித்த எழுத்து வேண்டும் என்று கண்ட்ரோல் பி அழுத்துகிற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் வார்ப்புருவில் உள்ள ஸ்டைலை (முன்பே வரையறுத்து வைத்த வடிவமைப்பை)த்தான் பயன்படுத்த வேண்டும். எஃப் 11 அழுத்தினால் பட்டியல் வரும். சாதாரணப் பத்தி, தலைப்பு, படவிளக்கம், குறிப்பு, எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் தனி ஸ்டைல் உண்டு. வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், வி நான்கையும் சேர்த்து அழுத்தி வடிவமைப்பில்லாமல் ஒட்டுங்கள். 7.6 முதல் ஸ்பாட்லைட் என்று ஒரு வசதி இருக்கிறது, ஸ்டைலை மீறிக் கையால் செய்த வடிவமைப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிவிடும். அனுப்பும் முன் ஒருமுறை அதைப் போட்டுப் பாருங்கள்.

நகல். வேறு அலுவலக மென்பொருளின் உதவிப் பக்கத்திலிருந்தோ யாரோ எழுதிய பாடத்திலிருந்தோ ஒரு வாக்கியம்கூட எடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவும் சேர்த்துத்தான். அதுவும் கட்டற்ற உரிமம்தான், ஆனால் ஷேர் அலைக் நிபந்தனை (அதே உரிமத்தில்தான் மறுபடி வெளியிட வேண்டும்) உள்ளது. அந்தப் பத்தியைக் கையேட்டின் ஆட்ரிபியூஷன் உரிமத்தில் மறுபடி கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. சாட்பாட்டிடம் எழுதி வாங்கி அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். இல்லாத மெனுவை இருப்பதுபோல் அழகாக எழுதிக் கொடுக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வேலை சரிபார்ப்பவர் தலையில் விழும்.

படங்கள். பிஎன்ஜி வடிவில், தேவையான பெட்டியை மட்டும் வெட்டி எடுங்கள். கோப்புப் பெயரிலோ தலைப்புப் பட்டையிலோ உங்கள் சொந்தத் தகவல் தெரிகிறதா என்று உற்றுப் பாருங்கள். திறந்திருக்கும் மாதிரி ஆவணத்தில் உண்மையான ஆட்களின் பெயரோ கைபேசி எண்ணோ சம்பளப் பட்டியலோ இருக்கக் கூடாது.

மேக் பயனர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கையேடு முழுவதும் கண்ட்ரோல் விசை என்றுதான் எழுதப்படும். மேக்கில் எது மாறும் என்பதற்குத் தொடக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. உங்கள் திரையில் கமாண்ட் என்று வருகிறதே என்று ஒவ்வோர் இடத்திலும் திருத்தத் தொடங்காதீர்கள்.

ஆங்கிலம் பற்றிய பயம் நம்மில் பலருக்கு உண்டு. கையேட்டு ஆங்கிலம் மிக எளிமையானது. சின்ன வாக்கியம், ஒரு படிக்கு ஒரு செயல், "இதைச் சொடுக்குங்கள், அது திறக்கும்." இலக்கணம் சறுக்கினால் சரிபார்ப்பவர் திருத்திவிடுவார். விடுபட்ட படியை அவரால் ஊகிக்க முடியாது. கவலையை அந்தப் பக்கம் வையுங்கள்.

9. அனுப்பிய பிறகு

காத்திருக்க வேண்டும். சரிபார்ப்பவர்களில் பலரும் உங்களைப் போலவே வேலை முடித்து வந்து இரவில் உட்காருகிறவர்கள். ஒரு வாரம் பதில் இல்லை என்றால் அது சாதாரணம். இரண்டு மூன்று வாரம் ஆனால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் போடலாம். காத்திருக்கும் நாட்களில் அதே கோப்பில் மறுபடி கை வைக்காதீர்கள். இரண்டு பிரதிகள் ஆகி, எது புதியது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். வேறோர் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருங்கள்.

திரும்பி வரும் கோப்பில் உங்கள் பத்தி முழுவதும் நிறம் நிறமாகக் கோடு போட்டிருக்கும். முதல்முறை பார்க்கும்போது மனசு கொஞ்சம் சுருங்கும். ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டோ காரணம் கேட்டோ போங்கள். காரணம் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் நடை விதியில் அதற்கென்று ஒரு வரி இருக்கும்.

வெளியானதும் பதிப்புரிமைப் பக்கத்தில் உங்கள் பெயர் சரியான எழுத்துக்கோர்வையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில் குழப்பம் வரும், எப்படி வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட இந்தப் பக்கமே போதும்.

10. மூன்று மாதம் கழித்து

குறைந்தது மூன்று மாதம் பங்களித்து, அடுத்த ஆறு மாதமாவது தொடர்வதாக உறுதியளிப்பவர்கள் அறக்கட்டளையின் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. எழுத்து வேலையும் நிரல் வேலைக்குச் சமமாகவே கருதப்படும். உறுப்பினரானால் இயக்குநர் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம். விண்ணப்பத்தில் நீங்கள் செய்ததைக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் எந்தக் கையேடு, எந்த அத்தியாயம், எந்தத் தேதி, எழுதியதா சரிபார்த்ததா என்று முதல் நாளிலிருந்தே ஒரு கால்க் தாளில் குறித்து வாருங்கள்.